ஒபரோன் கணக்குகள்: இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள்

ஏ.எல் உயிரியல் முடித்துக் கம்பஸ் முதலாம் வருடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் லாக் ஒபரோனைப் (பற்றீரியாவில் லக்டோசு என்ற பாற்சீனியை உடைப்பதற்கான ஜீன் தொகுதி) பற்றிக் கேட்டால் உடனே படம் கீறிக் காட்டுவார்கள். படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "சரி, இந்த ஒப்பரேட்டர் கெட்டுப்போனால்?" என்று ஒரு படி தள்ளிக் கேட்டவுடன் பேனை நின்றுவிடும். பாடமாக்கியது படத்தைத்தான். படத்திலுள்ள எது எதைச் செய்கிறது என்பது உள்ளே போகவில்லை.

இந்த வழிகாட்டி அப்படி நின்றுபோனவர்களுக்கு. ஒரு கொப்பி, பென்சில், சிவப்புப் பேனை போதும். பற்றீரியாக்கள் தமது ஜீன்களை எப்படித் திறந்து மூடுகின்றன என்ற பாடம் முழுவதையும் இரண்டு கேள்விகளால் கடந்துவிடலாம் என்பது என் கட்சி. முதற் கேள்வி: இந்த உறுப்பு டி.என்.ஏயில் உள்ள ஓர் இடமா, கலத்துக்குள் உலாவும் பொருளா? இரண்டாவது கேள்வி, பிரதியெடுத்தலை இடைவழியில் நிறுத்தும் தணிப்பு வரும்போது தேவைப்படும்: றைபோசோம் (ஆர்.என்.ஏயை வாசித்துப் புரதம் கட்டும் பொறி) இப்போது எங்கே நிற்கிறது?

படி 1: கோட்டைக் கீறுங்கள்

எசரீசியா கோலியின் கே-12 வகையில் ஏறத்தாழ 4,300 ஜீன்கள் உண்டு. எல்லாவற்றையும் எந்நேரமும் இயக்கினால் சக்தி வீண். அதனால் ஒரே வேலைக்குரிய ஜீன்களை வரிசையாக அடுக்கி, ஒரே தொடக்கத்திலிருந்து ஒரே எம்.ஆர்.என்.ஏயாகப் பிரதியெடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அந்த ஏற்பாடுதான் ஒபரோன். பிரான்சுவா ஜாக்கோப்பும் ஜாக் மோனோவும் 1961இல் இதை முன்வைத்தார்கள். 1965இல் ஆந்த்ரே லுவோவுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கொப்பியில் நீளமாக ஒரு கோடு கீறி, இடமிருந்து வலமாக இந்த வரிசையில் எழுதுங்கள்: ஐ, புரொமோட்டர், ஒப்பரேட்டர், இசெட், வை, ஏ. புரொமோட்டர் என்பது பிரதியெடுக்கும் நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேசு வந்து ஒட்டும் இடம், ஒப்பரேட்டர் என்பது அடக்கிப் புரதம் ஒட்டும் இடம்.

இசெட் தருவது பீற்றா-கலக்டோசிடேசு. லக்டோசை உடைக்கும் நொதியம் இதுதான். வை தருவது பெர்மியேசு, லக்டோசைக் கலத்துக்குள் கொண்டுவரும் சவ்வுப் புரதம். ஏ தருவது டிரான்ஸ்அசெட்டிலேசு. லக்டோசுப் பாவனைக்கு அது தேவையில்லை, கணக்குகளிலும் வராது. விட்டுவிடுங்கள்.

ஐ என்ற ஜீன் அடக்கிப் புரதத்தைத் தருகிறது. அதற்குச் சொந்தமாகப் புரொமோட்டர் உண்டு. பலர் ஐயையும் ஒபரோனின் அங்கமாக நினைத்து, "லக்டோசு இல்லாவிட்டால் அடக்கியும் உண்டாகாது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. அடக்கி எப்போதும் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டே இருக்கும். ஒரு கலத்தில் பத்து வரையான அடக்கி மூலக்கூறுகளே இருக்கும், ஒவ்வொன்றும் நான்கு துண்டுகள் சேர்ந்தது.

படி 2: இடமா, பொருளா?

இப்போது சிவப்புப் பேனையை எடுங்கள். கலத்துக்குள் உலாவக்கூடியவற்றைச் சிவப்பால் வட்டமிடுங்கள்: அடக்கி, பீற்றா-கலக்டோசிடேசு, பெர்மியேசு. இவை புரதங்கள். எந்த டி.என்.ஏத் துண்டிலிருந்து பிறந்தாலும் கலம் முழுவதும் போய் வரும்.

புரொமோட்டரும் ஒப்பரேட்டரும் பென்சிலிலேயே இருக்கட்டும். அவை புரதம் எதையும் தருவதில்லை, வெறும் இடங்கள். தம்மோடு ஒட்டி, அதே இழையில் தொடர்ந்து வரும் ஜீன்களை மட்டுமே அவை கட்டுப்படுத்தும்.

இந்த வட்டங்கள் பிந்திய ஒவ்வொரு கணக்கிலும் உதவும். இப்போதைக்கு இயக்கத்தைப் பாருங்கள். லக்டோசு இல்லாதபோது அடக்கி ஒப்பரேட்டரில் போய் ஒட்டுகிறது, ஆர்.என்.ஏ பொலிமரேசு பிரதியெடுக்க முடியாமல் போகிறது. லக்டோசு வந்தால் அதில் ஒரு பகுதி அலோலக்டோசு என்ற பொருளாக மாறும். அது அடக்கியில் பிணைந்து அடக்கியின் வடிவத்தை மாற்ற, அடக்கி ஒப்பரேட்டரை விட்டுக் கழன்றுவிடும். பிரதியெடுத்தல் தொடங்கி, நொதிய அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும்.

கவனமாக வாசிப்பவருக்கு இங்கே ஒரு முடிச்சுத் தட்டுப்படும். லக்டோசு உள்ளே வரப் பெர்மியேசு வேண்டும். அதை அலோலக்டோசாக மாற்றப் பீற்றா-கலக்டோசிடேசு வேண்டும். இரண்டும் ஒபரோன் மூடியிருக்கும்போது உண்டாகாது. பிறகு எப்படித் தொடங்குகிறது? விடை: மூடல் ஒருபோதும் முழு மூடலாக இருப்பதில்லை. அடக்கி இடைக்கிடை கழன்று ஒட்டும். அந்த இடைவெளியில் கசியும் ஒருசில மூலக்கூறுகளே முதல் லக்டோசை உள்ளே எடுக்கப் போதும். பரீட்சையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் விடயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: குளுக்கோசைச் சேருங்கள்

மோனோ 1940களின் தொடக்கத்தில் குளுக்கோசும் லக்டோசும் கலந்த ஊடகத்தில் பற்றீரியாவை வளர்த்தபோது வளர்ச்சிக் கோடு இரண்டு ஏற்றங்களாக வந்தது. முதலில் குளுக்கோசு முடியும் வரை ஓர் ஏற்றம், பிறகு சிறு தேக்கம், அதன்பின் லக்டோசில் இரண்டாவது ஏற்றம்.

விளக்கத்தில் இரண்டு வழிகளைப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, குளுக்கோசு குறையும்போது கலத்தில் சக்கர ஏ.எம்.பி என்ற சிறு செய்தி மூலக்கூறு கூடும். அது கேப் என்ற புரதத்தோடு சேர்ந்து புரொமோட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, பொலிமரேசை அங்கே பிடித்துவைக்க உதவும். லாக் புரொமோட்டர் தன்னளவில் பலவீனமானது, இந்தத் துணை இல்லாமல் நல்ல வேகம் பிடிக்காது. மற்றது, குளுக்கோசை உள்ளே எடுக்கும் தொகுதியின் ஒரு புரதம், குளுக்கோசு போய்க்கொண்டிருக்கும்போது பெர்மியேசில் ஒட்டி அதை மூடிவிடும். லக்டோசு வெளியே நிறைய இருந்தாலும் உள்ளே வராது. குளுக்கோசும் லக்டோசும் கூடவே இருக்கும்போது தடை போடுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழிக்கே. ஆனால் குறிப்புகளில் முதலாவது மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று: குளுக்கோசு நேரே கேப்பில் ஒட்டுவதாக எழுதாதீர்கள். அதற்கும் கேப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

படி 4: கோளாறுகளைக் கொண்டு பழகுங்கள்

ஒபரோனைச் சோதித்துப் பார்க்கும் வழி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்ப்பது. ஜாக்கோப்பும் மோனோவும் செய்தது அதையே. சில பற்றீரியாக்களுக்குள் லாக் பகுதியைக் கொண்ட எஃப் பிளாஸ்மிட் (குரோமோசோமிலிருந்து தனியே நிற்கும் சிறு டி.என்.ஏ வளையம்) ஒன்றையும் ஏற்றிவிடலாம். அப்போது அந்தக் கலத்தில் லாக் பகுதிக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். கணக்குகள் பெரும்பாலும் இந்த இரட்டைப் பிரதிக் கலங்களைப் பற்றியே வரும்.

கொப்பியில் ஒரு கோட்டுக்குக் கீழ் இன்னொரு கோடு கீறி, இவற்றைத் தீருங்கள். ஒவ்வொரு முறையும் கெட்டது இடமா பொருளா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு பிரதியில் ஐ கெட்டிருக்கிறது, இசெட் நன்றாக இருக்கிறது. மற்றப் பிரதியில் ஐ நன்றாக, இசெட் கெட்டு. நொதியம் எப்போது உண்டாகும்? அடக்கி உலாவும் பொருள். இரண்டாம் பிரதியிலிருந்து வந்த அடக்கி முதலாம் பிரதியின் ஒப்பரேட்டரிலும் போய் ஒட்டும். ஆகவே லக்டோசு இருந்தால் மட்டுமே நொதியம், சாதாரண கலத்தைப் போலவே.

அடுத்தது, ஓ-சி என்று குறிப்பார்கள்: அடக்கி ஒட்ட முடியாதபடி மாறிய ஒப்பரேட்டர். ஒரு பிரதியில் ஓ-சியோடு நல்ல இசெட், மற்றதில் நல்ல ஒப்பரேட்டரோடு கெட்ட இசெட். ஒப்பரேட்டர் ஓர் இடம், தன் இழைக்கு மட்டுமே பொறுப்பு. மற்றப் பிரதியின் நல்ல ஒப்பரேட்டரால் இங்கே எதுவும் செய்ய முடியாது. லக்டோசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதியம் வந்துகொண்டே இருக்கும். அதே கணக்கில் இரண்டு இசெட்டையும் இடம்மாற்றுங்கள், அதாவது ஓ-சி கெட்ட இசெட்டோடு, நல்ல ஒப்பரேட்டர் நல்ல இசெட்டோடு. விடை தலைகீழாகி, லக்டோசு வேண்டும் என்றாகிவிடும். உறுப்புகள் அதே உறுப்புகள், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதுதான் மாறியது. இங்கேதான் பலர் புள்ளியை இழக்கிறார்கள்.

மூன்றாவது ஐ-எஸ். அலோலக்டோசைப் பிடிக்கும் இடம் கெட்டுப்போன அடக்கி இது. ஒப்பரேட்டரில் ஒட்டும், ஆனால் கழராது. பக்கத்தில் நல்ல ஐ இருந்தாலும் பயனில்லை, ஒரு ஐ-எஸ் பிரதி போதும் இரண்டு இழைகளையும் மூட. அப்படியானால் ஐ-எஸ் உள்ள கலத்தில் ஓர் இழையில் ஓ-சியும் நல்ல இசெட்டும் இருந்தால்? அந்த அடக்கிக்கு அங்கே ஒட்ட இடமே இல்லை. நொதியம் எப்போதும் வரும். இந்தக் கடைசிக் கணக்கைத் தாமாகச் செய்தவர்களுக்கு லாக் ஒபரோன் கைவந்துவிட்டது என்பேன்.

பாடத்துக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலத்தடி நீரை நம்பியே இருக்கிறது. வளவுக்குள்ளேயே கிணறும் மலக்குழியும் இருக்கும் ஊர்களில் கிணற்றுநீரில் கோலிவகைப் பற்றீரியா உண்டா என்று பார்ப்பது வழமையான சோதனை. மக்கொங்கி ஊடகத்தில் பித்த உப்புகளும் லக்டோசும் நியூட்ரல் ரெட் நிறமும் இருக்கும். லக்டோசை உடைக்கும் பற்றீரியா அமிலத்தை விடும், அமிலத்தில் நிறம் சிவக்கும், அகாரில் குடித்தொகைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். நெருப்புக்காய்ச்சலைத் தரும் சல்மொனெல்லா லக்டோசை உடைக்காது. அதன் குடித்தொகைகள் நிறமற்றே இருக்கும். தட்டில் நீங்கள் காணும் அந்த இளஞ்சிவப்பு, லாக் ஒபரோன் திறந்ததன் அடையாளம். மக்கொங்கி ஊடகத்தில் குளுக்கோசு சேர்க்காததன் பயனையும் படி 3ஐ வைத்து நீங்களே சொல்லலாம்.

படி 5: டிரிப் ஒபரோனுக்குப் போங்கள், தர்க்கத்தைத் திருப்புங்கள்

லக்டோசு உடைக்கப்படும் பொருள், வந்தால்தான் நொதியம் வேண்டும். டிரிப்டோபன் கலம் தானே தயாரிக்கும் அமினோ அமிலம், போதுமானது இருந்தால் தயாரிப்பை நிறுத்த வேண்டும். டிரிப் ஒபரோனில் ஐந்து ஜீன்கள், வரிசை ஈ, டி, சி, பி, ஏ. அடக்கியைத் தரும் ஜீன் தொலைவில் தனியாக உண்டு. இந்த அடக்கி தனியாக ஒப்பரேட்டரில் ஒட்டாது, டிரிப்டோபன் வந்து பிணைந்த பின்னரே ஒட்டும். இவ்வளவும் படி 2இன் கேள்விக்குள் அடங்கிவிடும், ஐந்து நிமிட வேலை.

ஸ்டான்ஃபோர்டில் சார்ல்ஸ் யனோஃப்ஸ்கியின் குழு 1970களில் கண்டது வேறு. அடக்கி முற்றாகக் கெட்ட கலங்களிலும், டிரிப்டோபனைக் குறைத்தால் ஒபரோனின் வெளிப்பாடு இன்னும் ஏறியது. ஒப்பரேட்டருக்கும் முதல் ஜீனுக்கும் இடைப்பட்ட ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் வெளிப்பாடு கூடியது. அப்படியானால் அந்த இடைத்துண்டில் இன்னொரு தடை இருந்திருக்க வேண்டும்.

படி 6: தணிப்பு, நான்கு துண்டுகளும் ஒரு றைபோசோமும்

அட்டெனுவேசன் எனப்படும் தணிப்பு இதுதான். இதைக் கெதியாக வாசித்தால் விளங்காது, கீறிக்கொண்டே வாருங்கள்.

பிரதியெடுத்தல் தொடங்கும் இடத்துக்கும் முதல் ஜீனுக்கும் நடுவே 162 நியூக்கிளியோடைட்டு நீளத்தில் முன்னோடிப் பகுதி ஒன்று உண்டு. அதன் ஆர்.என்.ஏயில் 1, 2, 3, 4 என்று நான்கு துண்டுகளைக் குறியுங்கள். 1 ஆனது 2ஓடு சோடி சேரலாம். 2 ஆனது 3ஓடும் சேரலாம். 3 ஆனது 4ஓடும் சேரலாம். ஆனால் ஒரு துண்டு ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேர முடியும். 3உம் 4உம் சேர்ந்தால் கொண்டையூசி வடிவம் வரும், அதையடுத்து யூ எழுத்துகள் வரிசையாக. இந்த அமைப்பு பொலிமரேசைக் கழற்றிவிடும். 2உம் 3உம் சேர்ந்தால் 4க்குத் துணை இல்லை, தடையும் இல்லை.

1ஆம் துண்டுக்குள் 14 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைட்டுக்கான செய்தி இருக்கிறது. அதன் 10ஆம், 11ஆம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோபன். டிரிப்டோபன் புரதங்களில் அருமையாக வரும் அமினோ அமிலம், அதற்கு யூ.ஜி.ஜி என்ற ஒரே கோடோன்தான் (கோடோன் என்பது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து). இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயல் இல்லை.

இனி நேரவரிசையில் பாருங்கள். பொலிமரேசு 1ஐயும் 2ஐயும் எடுத்தவுடன் அவை சோடி சேர, பொலிமரேசு சற்றே நிற்கும். அந்த இடைவெளியில் றைபோசோம் வந்து ஏறிப் பெப்டைட்டைத் தொடங்கும். றைபோசோம் நகர்ந்து வந்ததும் நின்ற பொலிமரேசு மீண்டும் ஓடும். இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே ஆர்.என்.ஏயில் போகிறார்கள். இப்போது இரண்டாவது கேள்வி: 4ஆம் துண்டு வெளியே வரும் நேரத்தில் றைபோசோம் எங்கே?

டிரிப்டோபன் போதுமானால் றைபோசோம் இரண்டு யூ.ஜி.ஜியையும் தாண்டி நிறுத்தக் கோடோனில் வந்து நிற்கும். அப்போது அதன் உடம்பு 2ஆம் துண்டை மூடிவிடும். 3 தனியே நின்று, 4 வந்ததும் அதோடு சேரும். பொலிமரேசு ஏறத்தாழ 140 நியூக்கிளியோடைட்டோடு கழன்றுவிடும்.

டிரிப்டோபன் குறைவென்றால், அதைச் சுமந்த ரி.ஆர்.என்.ஏயும் குறைவு. றைபோசோம் யூ.ஜி.ஜியில் தேங்கி நிற்கும். மூடப்படுவது 1ஆம் துண்டு மட்டுமே. 2 சுதந்திரமாக இருந்து, 3 வந்தவுடனே அதைப் பிடித்துக்கொள்ளும். பிந்தி வந்த 4க்குத் துணை இல்லை. பொலிமரேசு ஐந்து ஜீன்களையும் நோக்கி ஓடும்.

அடக்கியால் வரும் கட்டுப்பாடு ஏறத்தாழ 70 மடங்கு, தணிப்பால் வருவது 8 முதல் 10 மடங்கு. இரண்டும் பெருக்கலாகச் சேர, மொத்தம் 600, 700 மடங்கு அளவுக்கு வெளிப்பாட்டை ஏற்றி இறக்கலாம். கூட்டி 80 என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கள் கலங்களில் இந்த வித்தை இப்படி நடக்காது. பிரதியெடுத்தல் கருவுக்குள், மொழிபெயர்த்தல் வெளியே. பொலிமரேசின் பின்னால் றைபோசோம் ஓட வழியே இல்லை.

படி 7: தணிப்பையும் கெடுத்துப் பாருங்கள்

இரண்டு டிரிப்டோபன் கோடோன்களையும் அலனின் கோடோன்களாக மாற்றினால்? றைபோசோம் டிரிப்டோபன் பஞ்சத்தில் அங்கே தேங்காது. தணிப்பு டிரிப்டோபனைக் கவனிப்பதை விட்டு அலனினைக் கவனிக்கும். சல்மொனெல்லாவின் ஹிஸ்டிடின் ஒபரோனில் இதே இடத்தில் ஏழு ஹிஸ்டிடின்கள் தொடர்ச்சியாக உண்டு. எந்தப் பொருளை உண்டாக்கும் ஒபரோனோ அந்தப் பொருளின் கோடோன்களே அங்கே நிரப்பப்பட்டிருக்கும்.

முன்னோடிப் பெப்டைட்டின் தொடக்கக் கோடோன் கெட்டால்? றைபோசோம் ஏறாது. 1 ஆனது 2ஓடேயே சேர்ந்து நிற்கும், 3 தனியாகி 4ஓடு சேரும். டிரிப்டோபன் பஞ்சத்திலும் ஒபரோன் மூடியே கிடக்கும். மொழிபெயர்ப்பு இல்லையென்றால் தடையும் இல்லை என்று ஊகித்து இதைப் பிழைவிடுபவர்கள் அதிகம்.

2க்கும் 3க்கும் சோடி சேர முடியாதபடி மாற்றம் வந்தால், விடை அதே பக்கம்தான். 4ஆம் துண்டை வெட்டிவிட்டால் எதிர்ப்பக்கம்.

கொஞ்சம் கடினமானது: டிரிப்டோபன் நிறைய இருக்கிறது, ஆனால் அதை ரி.ஆர்.என்.ஏயில் ஏற்றும் நொதியம் கெட்டிருக்கிறது. அடக்கி சுயாதீன டிரிப்டோபனைப் பார்க்கும், மூடு என்னும். தணிப்பு ஏற்றப்பட்ட ரி.ஆர்.என்.ஏயைப் பார்க்கும், திற என்னும். இரண்டும் வேறு வேறு அடையாளங்களை அளக்கின்றன. ஒன்று இருக்க மற்றது எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

படி 8: வேறு ஒபரோனில் முயலுங்கள்

பசிலஸ் சப்டிலிஸ் டிரிப்டோபனைக் கவனிக்க றைபோசோமை நம்புவதில்லை. டிராப் என்ற, 11 துண்டுகள் வளையமாகச் சேர்ந்த புரதம், டிரிப்டோபனைப் பிடித்ததும் முன்னோடி ஆர்.என்.ஏயைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். தடைக் கொண்டையூசி அப்படி உருவாகிறது. இங்கே இரண்டாவது கேள்வியில் றைபோசோமுக்குப் பதில் டிராப்பை வையுங்கள்.

அதைவிடச் சுவையானது இ. கோலியின் இன்னொரு ஒபரோன், ரி.என்.ஏ-ஏ (tnaA) என்ற ஜீனுள்ள டிரிப்டோபனேசு ஒபரோன். கிணற்றுநீரில் கோலிவகை கண்டபின் அது இ. கோலிதானா என்று உறுதிசெய்ய, பெப்டோன் நீரில் 44 பாகை செல்சியசில் வளர்த்துக் கோவாக்ஸ் கரைசல் விடுவார்கள். மேலே சிவப்பு வளையம் வந்தால் இந்தோல் உண்டு. அந்த இந்தோல், டிரிப்டோபனேசு நொதியம் டிரிப்டோபனை உடைத்ததால் வந்தது. உடைக்கும் நொதியம் என்பதால் டிரிப்டோபன் நிறைய இருக்கும்போதுதான் இந்த ஒபரோன் திறக்க வேண்டும், டிரிப் ஒபரோனுக்கு நேர் எதிராக.

இங்கும் 24 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடிப் பெப்டைட்டு ஒன்று உண்டு. கேள்வி அதேதான்: றைபோசோம் எங்கே? டிரிப்டோபன் நிறைய இருக்கும்போது, புதிதாய்ப் பிறந்த அந்தப் பெப்டைட்டு றைபோசோமை நிறுத்தக் கோடோனிலேயே சிக்கவைக்கும். சிக்கிய றைபோசோம், பிரதியெடுத்தலை முடித்துவைக்கும் ரோ என்ற புரதம் ஆர்.என்.ஏயில் ஏறும் இடத்தை மறைத்து நிற்கும். ரோ ஏறாது, பொலிமரேசு தொடர்ந்து ஓடும், டிரிப்டோபனேசு உண்டாகும். டிரிப்டோபன் குறைவென்றால் றைபோசோம் கழன்று போய்விடும், ரோ ஏறி முடித்துவிடும். ஒரே கலத்தில், ஒரே அமினோ அமிலத்துக்கு, றைபோசோம் தேங்குவதைக் கொண்டே இரண்டு எதிரெதிர் முடிவுகள்.

இந்த ஒபரோனின் புரொமோட்டருக்கும் கேப்பும் சக்கர ஏ.எம்.பியும் வேண்டும். ஆகவே இந்தோல் சோதனைக்குரிய பெப்டோன் நீரில் குளுக்கோசு கலந்துவிட்டால், உள்ளே இ. கோலி நிறைந்திருந்தாலும் வளையம் வராமல் போகலாம். ஊடகம் கரைக்கும்போது லேபலைப் பாருங்கள்.